உள்ளே இருக்கிறவர்

என் கணவர் கறம்பக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கவலை வந்தால் நான் சத்தம் போட்டுத்தான் ஜெபிப்பேன். "ஏன்டி இந்தக் கத்து கத்துற? ஆண்டவரு என்ன பஸ் ஸ்டாண்டுலயா நிக்கிறாரு? ஒனக்குள்ளதான இருக்காரு" என்று கேலி செய்வார். அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் எனக்குத்தான்.

அவருக்கு மறதி நோய் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளின் முகம் போயிற்று, தினமும் சொன்ன ஜெபம் போயிற்று. என்னைப் பார்த்து, "எங்கம்மா எறங்கணும்?" என்கிறார். முதல் தடவை சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. சோறு ஊட்டினால், முதல் வாயை நான் தின்று காட்டினால்தான் வாயைத் திறப்பார். விஷம் வைத்துவிடுவேனோ என்று பயம் போலிருக்கிறது.

ஆண்டவரையே மறந்துபோன மனுஷனுக்குள் ஆண்டவர் இன்னும் இருக்கிறாரா? சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் இதே கேள்விதான். சபைப் பெண்களிடம் கேட்டால், "விசுவாசமா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு ஆண்டவர் நினைவாக அப்பம் தரும் திருவிருந்தை வீட்டிலேயே கொடுப்பது எங்கள் சபை வழக்கம். அதற்காகப் போதகர் ஒருநாள் வந்தார். கட்டிலில் சாய்ந்திருந்தவரைப் பார்த்ததும் தயங்கினார்.

"என்னன்னே தெரியாம வாங்குறது சரியாம்மா? அதான் யோசிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "இவருக்கு ஆண்டவரத் தெரியலங்கய்யா, சரி. ஆண்டவருக்கு இவரத் தெரியாமப் போயிருச்சா?"

கேட்ட பிறகுதான் பயந்தேன். போதகர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? போதகர் அப்பத்தட்டை எடுத்தார். ஜெபித்துவிட்டு, நோயாளிக்குத்தானே முதலில் என்று அப்பத்துண்டை என் கணவர் வாயில் வைத்தார்.

அவர் துப்பிவிட்டார்.

அது சட்டைமேல் ஈரமாகக் கிடந்தது. போதகருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆசீர்வதித்த அப்பம், குப்பையில் போட முடியுமா? எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக வாயைத் திறந்தார். முதல் வாய் எனக்கு என்பதைப் போதகரிடம் சொல்லவே மறந்திருந்தேன்.

போதகர் இன்னொரு துண்டை வைத்தார். அவர் மென்று விழுங்கினார். அது பசியா, பக்தியா? கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எங்கம்மா எறங்கணும்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க எறங்குற எடத்துலதாங்க" என்றேன்.