பதில் குரல் கொடுத்த ஆர்மேனியர்

சென்ற மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து, போட்டோக்கொப்பி மெஷின் சூடாகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. யூனியன்வில்லிலிருந்து நஸ்லியானின் மகள் அனூஷ் பேசினாள். "அப்பா இன்று விடியற்காலை போய்விட்டார்" என்றாள். "மரண அறிவித்தலை நீங்கள்தான் அச்சடிக்க வேண்டுமாம். வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்" என்றாள்.

அன்று மத்தியானம் அந்த அறிவித்தலை நானே தட்டச்சு செய்தேன். கரபெத் நஸ்லியான், இசையமைப்பாளர். பிறந்த இடம்: அலெப்போ, அகதி முகாம். அந்த வரி வந்தபோது என் விரல்கள் சற்று நின்றன. எங்கள் சமூகத்திலும் எத்தனை பிள்ளைகள் இனி இப்படித் தங்கள் பிறந்த இடத்தை எழுதப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டொரோண்டோவின் ஸ்காபரோவில் அவரை அறிந்த தமிழர்கள் அதிகம் பேர் இல்லை. கறுப்புத் தொப்பியும் பழைய தோல் பையுமாக பிளாசாவுக்கு வந்து, என் கடை வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே நுழையும் உயரமான மனிதரைச் சிலருக்கு நினைவிருக்கலாம். அவர்களுக்காகவும், அவரோடு ஒரே மேடையில் பாடியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் மன்னாரில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவள். கனடாவுக்கு வந்து கிடைத்த முதல் வேலை இந்தக் கடைதான். சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். நஸ்லியான் தன் கையெழுத்தில் எழுதிய இசைத்தாள்களைக் கொண்டுவந்து தந்தார். பெரிய தாள்கள், பக்கத்துக்குப் பக்கம் ஐந்து ஐந்து கோடுகள். நான் அவற்றைக் கண்ணாடியில் சரியாக வைக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஆகக் கீழே இருந்த செல்லோ வாத்தியத்தின் வரி வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அது அவருக்குத் தெரியவந்தது ஒத்திகையில்.

மறுநாள் அவர் கதவைத் திறந்து வந்தபோது வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மதாம், செல்லோ வாசிப்பவர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். இருபது வருடத்தில் நேற்றுத்தான் மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று அவர் முதன்முதலாகக் கேட்டாராம்" என்றார். அன்றிலிருந்து அவர் வேலையை நான் இரண்டு முறை சரிபார்த்துத்தான் கொடுப்பேன்.

அந்தக் கவனத்தினால்தான் அடுத்த சம்பவம் நடந்தது. ஆர்மேனிய நாட்டுப்பாடல்களை வைத்து அவர் எழுதிய நீண்ட இசைக்கோவை ஒன்றைப் பிரதி எடுக்கும்போது, ஒரு பக்கத்தில் இரண்டு வரி முழுவதும் வெறுமையாக இருந்தது. மெஷின்தான் தின்றுவிட்டது என்று பயந்து, மூலத்தாளைப் பார்க்கவும் தோன்றாமல் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மெஷின் சரி. நான்தான் சரியில்லை. அந்தப் பாட்டில் அந்த இடம் எனக்கு மறந்துவிட்டது" என்றார்.

"நீங்களே ஏதாவது எழுதி நிரப்பக் கூடாதா?"

"எழுதலாம். நன்றாகவே எழுதுவேன். பிறகு எது அவர்களுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்."

அவருடைய கதையை அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அறிந்தேன். முதல் உலகப் போரின் காலத்தில் ஆர்மேனியர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு விரட்டப்பட்டுக் கொல்லப்பட்டபோது, பாலைவனத்தை நடந்தே கடந்து தப்பியவர்களில் ஒருத்தி அவருடைய தாய். அலெப்போவில் மற்றவர்களுடைய மெத்தைகளின் கம்பளி மயிரைக் கழுவித் தடியால் அடித்துக் கொடுத்துப் பிழைத்தாள். நடந்தது எதையும் அவள் மகனுக்குச் சொல்லவில்லை. கம்பளி அடிக்கும்போது மட்டும் பாடுவாள். முகாமில் எந்தக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு பாட்டு இருந்தது. வளர்ந்ததும் அவர் கதவு கதவாகப் போய் அவற்றை எழுதத் தொடங்கினார். பாரிஸுக்குப் படிக்கப் போனார். அங்கே ஒரு பேராசிரியர், "இவையெல்லாம் பச்சைக் களிமண். சுட்டு எடுத்தால்தான் சங்கீதம்" என்றாராம். இவர் படிப்பை முடித்துக்கொண்டு பெய்ரூட்டில் வந்து குடியேறி, பச்சைக் களிமண்ணையே தேடிக்கொண்டு மறுபடியும் முகாம்களுக்குள் போய்விட்டார். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். தன் நால்வாத்திய இசையையும் கூட்டுப் பாடல்களையும் அவற்றிலிருந்து எழுப்பினார்.

பெய்ரூட்டில் உள்நாட்டுப் போர் வந்தது. வீடு எரிந்தது. நோட்டுப் புத்தகங்கள் வீட்டுக்குள் இருந்தன. மனைவியும் அதற்கு முன்பே நோயில் போய்விட்டாள். சிறு பெண்ணாக இருந்த அனூஷைக் கூட்டிக்கொண்டு டொரோண்டோ வந்தவர், வீடு வீடாகப் போய்ப் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தார். மீதி நேரத்தில், எரிந்த பாட்டுகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார். எழுதியவை பாதி. மற்றப் பாதிக்குத்தான் அந்த வெறும் வரிகள்.

ஒருநாள் கடையில், இறந்துபோன ஒருவருக்கான தமிழ் நினைவு மலரை அச்சுக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். அதிலிருந்த இரங்கல் செய்யுள்களைப் பார்த்துவிட்டு நஸ்லியான், "இவற்றைப் பாடுவீர்களா?" என்று கேட்டார். ஓம், ஒரு இராகம் இருக்கிறது என்றேன். "உங்கள் வீட்டில் யார் பாடுவார்கள்?" என்று அடுத்த கேள்வி. வாய் தவறி, "என் கணவர் பாடுவாராம். ஆனால் இப்போது பாடுவதில்லை" என்றேன்.

என் கணவர் இன்னாசி, மன்னாரில் மீன்பிடி ஊரான பேசாலையைச் சேர்ந்தவர். கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் முன்குரல் கொடுப்பவர் அவர். அவர் ஒரு வரி பாட, கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் பதில் சொல்லி இழுப்பார்கள். பதில் குரலில் முதலாவது அவருடைய தம்பி மனுவல். ஒருநாள் மனுவல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் நாள் படகு மட்டும் சூடுபட்ட ஓட்டைகளோடு கரை ஒதுங்கியது. அதோடு இவர் பாட்டை நிறுத்திவிட்டார். எங்களுக்குக் கல்யாணம் நடந்தது அதற்குப் பிறகு. ஆகவே ஊரெல்லாம் கேட்ட அந்தக் குரலை நான் மட்டும் கேட்டதில்லை. இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நஸ்லியானைச் சாப்பிட அழைத்தோம். மீன் குழம்பை உறைக்க உறைக்கச் சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் தாயைப் பற்றிச் சொன்னார். அவள் கம்பளி அடித்தபடி பாடியதை, மேசையில் கரண்டியால் தட்டித் தட்டிப் பாடிக் காட்டினார். நல்ல குரல் இல்லை, கரகரத்தது. நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பாடி முடிந்ததும் இன்னாசி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணையிட்டைச் சொல்லும். என்ர பாட்டுத் தனிய ஒரு ஆள் பாடுற பாட்டில்லை. பதில் சொல்ல ஆள் வேணும். என்ர ஆள் போயிட்டான்."

நான் சொன்னேன். நஸ்லியான் கரண்டியை வைத்தார். "பதில் வரி கஷ்டமா?" என்று கேட்டார்.

"இல்லை. ரெண்டு சொல்லுத்தான்."

"அப்படியானால் எனக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நான் உங்கள் தம்பி இல்லை. ஆனால் கூலி கேட்காமல் கயிறு பிடிப்பேன்."

இன்னாசி தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு அந்த இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் 'ஏலோ' என்பதைத் தப்புத் தப்பாக, பிழையான இடத்தில் சொன்னார். "இஞ்சையில்லை அண்ணை, பொறுங்கோ, நான் முடிக்கோணும்" என்று இவர் திருத்தினார். மூன்றாம் தடவை சொன்னபோது இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடுதான் முதல் வரியைப் பாடினார். நான் சட்டி கழுவுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். தண்ணீரைத் திறக்கவில்லை.

அதன்பின் பல சனிக்கிழமைகள் அவர் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்தார். பாட்டை எழுதினார். எழுதியதை வைத்து, தான் நடத்திய ஆர்மேனியப் பாடகர் குழுவுக்கும் நரம்பு வாத்தியங்களுக்குமாக ஒரு இசைக்கோவை செய்தார். ஆர்மேனியத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஒத்திகை நடந்தபோது எங்களையும் கூப்பிட்டார். இன்னாசி ஜாக்கெட்டைக் கழற்றாமல் மடக்குக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் நஸ்லியான் திரும்பி, "எப்படி?" என்றார்.

இன்னாசி என் காதுக்குள், "வடிவாத்தான் இருக்கு. ஆனா உப்பிடி இழுத்தா வலை கிழிஞ்சு போகும்" என்றார்.

"நன்றாக இருக்கிறது என்கிறார்" என்றேன் நான்.

நஸ்லியான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மதாம், அவர் சொன்னது அதைவிட நீளமாக இருந்தது."

உள்ளதைச் சொன்னேன். முப்பது பாடகர்களும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் கையிலிருந்த கோலைக் கீழே வைத்துவிட்டு, "எந்த இடத்தில் கிழிகிறது?" என்று கேட்டார்.

இன்னாசிக்கு அதை ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியவில்லை, தமிழிலும் சொல்லத் தெரியவில்லை. எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறாராக்கும் என்று நினைத்தேன். காரின் பின்பெட்டியிலிருந்து, பழுதான காரைக் கட்டி இழுக்கும் நீல நைலோன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாடகர்களில் பல் வைத்தியர், மருந்துக்கடைக்காரப் பெண், பேரப்பிள்ளைகள் கண்ட இரண்டு சகோதரிகள் எல்லோரையும் வரிசையாகக் கயிற்றைப் பிடிக்க வைத்தார். மறுமுனையில் நஸ்லியானும் செல்லோக்காரரும் கடலாக நின்றார்கள்.

"அலை திரும்பிப் போகேக்கை இழுக்கக் கூடாது. பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். அலை கரைக்கு வரேக்கைதான் இழுக்கோணும்" என்று இன்னாசி சொல்ல நான் மொழிபெயர்த்தேன்.

"அலை வர எத்தனை தாளம் எண்ண வேண்டும்?" என்று ஒரு பாடகி கேட்டாள்.

"எண்ணேலாது தங்கச்சி. அது கடலுக்குத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வசனத்தை நான் மொழிபெயர்த்ததும் நஸ்லியான் கயிற்றை விட்டுவிட்டு ஒரு கதிரையில் அமர்ந்து, பென்சிலை எடுத்தார். அன்று ஒத்திகை அத்தோடு சரி. இரண்டு வாரம் கழித்து முழு இசைக்கோவையையும் புதிதாக எழுதிக் கடைக்குக் கொண்டுவந்தார். பதில் வரிக்கு முன்னால் எண்ணிக்கை இல்லாத ஒரு காத்திருப்பு. எல்லோரும் முன்குரல்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதற்பக்கத்தில் இப்படி இருந்தது: பாட்டு: பேசாலைக் கரையில் வலை இழுப்பவர்களுடையது; பிழை திருத்தியவர்: இன்னாசி; எழுதிக்கொண்டவர்: நஸ்லியான்.

கச்சேரியில் முன்குரல் பாடியது இன்னாசிதான். இரவல் கோட்டுக்குள் அவருடைய தோள் பிடித்திருந்தது. ஆர்மேனியர்களோடு எங்கள் பங்குக் கோயில் சனங்களும் வந்து பின் வரிசைகளில் இருந்தார்கள். முதல் வரியைப் பாடிவிட்டு இவர் காத்திருந்தார். பாடகர்களும் காத்திருந்தார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், பின் வரிசையிலிருந்த பேசாலைக்காரர் யாரோ 'ஏலோ' என்று பதில் கொடுத்துவிட்டார். அடுத்த தடவை பத்துப் பேர். நஸ்லியான் சபைக்கு முதுகு காட்டியபடியே இடக்கையைப் பின்னால் நீட்டி அவர்களையும் சேர்த்து நடத்தினார். அவருடைய முதுகு சிரிப்பில் குலுங்குவதைச் சபை முழுவதும் பார்த்தது.

அவரைப் புனிதராக்கிவிடவும் விருப்பமில்லை. சூயிங்கம் மென்ற ஒரு பாடகரை ஒத்திகை நடுவே வெளியே அனுப்பியவர். ஆறு வருடமாக என்னை 'மதாம்' என்றே அழைத்தார். பெயர் ஞாபகமில்லாததால்தான் என்று எனக்குச் சந்தேகம். அடக்கத்துக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது அனூஷ் சொன்னாள்: "ஊரில் உள்ள எல்லோருடைய பாட்டையும் அப்பா கேட்டார். என் பள்ளிக்கூடக் கச்சேரிக்கு ஒருநாளும் வந்ததில்லை." கோபத்தோடு சொல்லவில்லை. ஆனால் மறந்துவிட்டும் சொல்லவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பங்கையும் சேர்த்துத்தான் அவர் எங்களுக்குத் தந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கை நடுங்கியதால் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். "பெய்ரூட்டில் புத்தகங்கள் எரிந்தபோது என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இந்த ஊரில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனத்தில் ஒரு பாட்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குத்தான் காலம் போதவில்லை" என்றார். இன்னாசி அவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "சுகமாகி வாங்கோ அண்ணை, இன்னும் கன பாட்டு இருக்கு" என்றார். அதை நான் மொழிபெயர்க்கத் தொடங்க, நஸ்லியான் கையால் தடுத்தார். விளங்கிவிட்டதாம்.

அவருடைய தாள்கள் எல்லாம் அனூஷிடம் பத்திரமாக இருக்கின்றன. என்னிடம் ஒன்றும் இல்லை. வந்ததை எல்லாம் பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கல்யாணம் கட்டியும் எனக்குக் கிடைக்காமலிருந்த ஒரு குரல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதைத் தந்தவர் அவர். இன்று காலையும் வேலைக்குப் போக வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டும்போது இன்னாசி ஒரு வரி பாடினார். பாடிவிட்டு, வழக்கம்போல நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதில் சொன்னேன்.