பனையைக் கொன்ற ஆல்

குன்றாண்டார்கோவில் பக்கம் பஸ் பழுதாகி நின்ற மத்தியானத்தில் அவரைச் சந்தித்தேன். எலும்பும் நரம்புமான ஒரு வயதான சம்சாரி, தன் நிலத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே அடிக்கடி அண்ணாந்து, பக்கத்து நிலத்து ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டார். அதன் பிடிக்குள் ஒரு பனை பட்டுப்போய், மொட்டையாக நின்றது.

“பனை பங்காளியோடதுங்க. வேரு தண்ணியக் குடிக்குதுன்னு வரப்புல நின்ன என் வேப்பமரத்த வெட்டிப்புட்டான். எனக்கு அப்பக் கல்யாணமான புதுசு. அவன் பனையில ஏறி, மட்டை இடுக்குல ஆலம்பழத்தப் பிசைஞ்சு வச்சுட்டு எறங்கிட்டேன். காக்கா போட்ட வெதைன்னு நெனச்சுக்கிட்டான்.”

“மொளைச்சதும் அவரு பிடுங்கிப் போடலையா?”

“எப்புடிங்க? பனையில ஆலு மொளைச்சா சாமின்னு ஊரே மஞ்சத்துணி கட்டிருச்சு. இனி யாரு கைய வப்பா?”

ஆலின் நிழல் வரப்பைத் தாண்டி அவர் நிலத்திலும் பாதியை மூடியிருந்தது. அங்கே கடலைச்செடிகள் வெளுத்துக் கிடந்தன.

“உங்க வெள்ளாமையும் போச்சேங்க?”

“போகட்டும். அவன் பனை செத்துச்சா இல்லையா?” என்று சிரித்தார். அவ்வளவு நிம்மதியான சிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு பங்காளி இருக்கிறான். பஸ் கிளம்பிய பிறகு, ஊர் போய்ச் சேரும்வரை, சாலையோரத்து ஆலமரங்களில் பழம் பழுத்திருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன்.