பூஜைக்கு எழுப்பிய பழைய கம்ப்யூட்டர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். மூன்று தடவை நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு சாக்கு. உண்மையில் பயம்தான். அன்று நான் செய்ததை எழுதினால், பேசாமல் நின்றதையும் எழுதியாக வேண்டும்.

ஈப்போ நகரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேன் ஓட்டினேன். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டங்களில் இருக்கும் நோயாளிகளை ஏற்றி இறக்குவது என் வேலை. அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க எல்லோருக்கும் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது இவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். இன்னொரு தரம் ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்டர் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் அதைப் பதிந்தார்கள்.

விவரம் எல்லாம் ஸ்டோர் ரூமில் இருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கட்டில் பக்கத்திலும் முன்கவுண்டரிலும் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்டுத்தான் காட்டும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில மாதம் முன்புதான் பெரியதை மாற்றியிருந்தார்கள். புதியதற்கும் பழைய பெயரையே வைத்தார்கள். பழையதை அணைத்து, தூக்கிப் போட மனமில்லாமல், அலமாரிக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

ஆயுத பூஜை அன்று காலையில், முன்கவுண்டரையும் ஸ்டோர் ரூமில் இருந்த புதியதையும் தவிர மற்ற கம்ப்யூட்டர்களை அணைத்துத் துடைத்தோம். திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. பழையதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எத்தனை வருஷம் உழைத்தது! எங்களுக்கு ஒரு பழக்கம்: வேனுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாலும் இன்ஜினை ஓடவிட்டுத்தான் வைப்போம், செத்துக் கிடப்பதற்குச் சூடம் காட்டமாட்டோம். அதனால் கரண்டு வயரைச் செருகினேன். புதியதில் பார்த்த மாதிரியே, சுவரில் இருந்த டப்பாவிலிருந்து வரும் நீல வயரையும் செருகினேன். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கும்பிட்டேன். பூஜை முடிந்ததும் கட்டில் பக்கத்துக் கம்ப்யூட்டர்களைத் திரும்ப ஆன் பண்ணினார்கள். பழையதை அணைக்க மறந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் சுண்டல் கொடுத்துக்கொண்டே வந்தவன் மனைவியின் கட்டில் பக்கம் திரும்பினேன். வேறு கிளையிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்த நர்ஸ் மிஸ்ஸி, கையில் ஊசியோடு குழாயைப் பிடித்திருந்தாள். மனைவி கண்ணை மூடி ஏதோ சாமி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸி! வேணாம்! அந்த மருந்து அவளுக்கு ஆகாது!"

கிண்ணம் கீழே விழுந்து சுண்டல் உருண்டது.

"என்னாண்ணே இப்படி கத்துறீங்க? நெஞ்சே நின்னுடும் போல. கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் இல்லையேலா, பாருங்க."

பார்த்தேன். சிவப்பு எழுத்து இல்லை. எடை அறுபத்தொன்று என்று இருந்தது. அவள் இளைத்து ஐம்பத்து நாலுக்கு வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. மிஸ்ஸி ஊசியைக் கீழே வைத்துவிட்டு முன்கவுண்டருக்கு ஓடினாள். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒரே சென்டர், ஒரே பெயர், இரண்டு கதை. திரும்பி ஓடி வந்தவள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"யாருக்கும் எதையும் ஏத்தாதீங்க! பேப்பர் ஃபைல எடுங்க!"

பக்கத்து டாமான் குடியிருப்பிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னைக்கு யாராச்சும் புதுசா எதையாச்சும் ஆன் பண்ணீங்களா?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேலை போகும், போலீஸ் வரும், இவளை வேறு எங்கே கொண்டுபோவேன் என்று என்னவெல்லாமோ ஓடியது. அம்மா, மாரியம்மா என்று உள்ளுக்குள் கூப்பிட்டேனே தவிர வாய் திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு வயராகப் பார்த்தார். பேப்பர் ஃபைல்கள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நேரம் முழுவதும், ஏற்கெனவே டயாலிசிஸ் மெஷினில் இருந்த எட்டுப் பேரின் உடம்பில் எந்தக் காலத்து அளவில் மருந்து ஓடிக்கொண்டிருந்ததோ! கடைசிக் கட்டிலில் ஒரு சீனப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. "நான்தாங்க," என்றேன். "பழசை நான்தான் எழுப்பினேன். சாமி கும்பிட."

அவர் ஸ்டோர் ரூமுக்கு ஓடி நீல வயரைப் பிடுங்கினார். பிறகு திட்டாமல் விளக்கினார்.

"அண்ணே, சுவத்துல இருக்கிற டப்பாவுல ஒரு லிஸ்ட் இருக்கு. இந்தப் பேருக்கு இந்த நம்பர்னு. ஒரு மெஷின் எழும்புனா, என் பேரு இதுன்னு டப்பாகிட்ட சொல்லும். டப்பாவுக்கு ஆள் தெரியாதுலா. கடைசியா யார் சொன்னாங்களோ அவங்க நம்பரை எழுதிக்கும். பொட்டு வச்ச பெறகு ஆன் பண்ணதெல்லாம் புதுசா கேட்டுச்சு, பழைய ஆளுகிட்ட போயிருச்சு. கவுண்டர்ல உள்ளது முன்னாடி கேட்டதையே ஞாபகம் வச்சிருந்துச்சு. அதான் தப்பிச்சோம்."

எட்டுப் பேரின் அளவையும் பேப்பர் ஃபைலோடு ஒத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு மாறியிருந்தது, உடனே திருத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி ஃபைலை மூடும் வரை நான் அங்கேயே நின்றேன். வேலையும் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் பச்சை விளக்கு சிமிட்டுவதைப் பார்த்தால், அதன் வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பேன்.

என் மனைவி இதைக் கோயிலில் வேறு மாதிரி சொல்கிறாள். "அம்மாதான் இவர் வாயில வந்து கத்துனா," என்பாள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு இன்னும் நாலு பேருக்குச் சொல்கிறார்கள். தூரத்து ஊரான பாகான் செராய் வரைக்கும் போய்விட்டது. அம்மா கத்தவைத்தாள் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் கதையில் மெஷினை எழுப்பியவன் இல்லை. எட்டுப் பேர் கிடக்க வாயை மூடிக்கொண்டு நின்றவனும் இல்லை. அவன் இல்லாத கதையைக் கேட்டுவிட்டு, நாளைக்கு இன்னொருவர் பக்தியோடு இன்னொரு வயரைச் செருகுவார்.

ஆகவே இதைப் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொல்வதானால் முழுதாகச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு என் தப்பைக் குறைக்க வேண்டாம். அம்மாமேல் பக்தியில் எதையும் கூட்டவும் வேண்டாம். இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள்.