கோழிச் சளிக்கு நான் பேர் சொன்ன வாரம்

2003இல் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை அன்றைக்கே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த விடுமுறையில், கொல்லிமலையில் வேலை பார்த்த டாக்டரம்மாவோடு ஒட்டிக்கொண்டு ஆலத்தூர் நாடு என்கிற மலையூர்ப் பகுதிக்குப் போனேன்.

அங்கே கோழி வளர்த்துப் பிழைக்கும் ஓர் அக்கா. பதினாலு கோழியும் கர்கர்ரென்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தன. குஞ்சுகள் நாலு செத்திருந்தன.

"வைரஸ் சளி. இதுக்கு மருந்து இல்லீங்க. கதகதப்பா வைங்க, பெருசுக பெரும்பாலும் தேறிக்கும்" என்றார் டாக்டரம்மா.

அதோடு விட்டிருக்கலாம். எட்டிப்பார்த்த பக்கத்து நிலத்துக் காட்டுக்காரரிடம் துள்ளிக்கொண்டு சொன்னேன்: "பேப்பர்ல சார்ஸ்னு போடறாங்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பமுங்க. கொரோனா!"

மறுநாள் காலையில் டாக்டரம்மா வேறு ஊருக்குப் போயிருக்க, நான் மட்டும் அங்கே இருந்தபோது காட்டுக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எல்லாத்தையும் அறுத்துப் பொதைச்சிரு. எங்க ஊட்ல புள்ளைங்க இருக்குது."

அக்கா கூண்டை மறித்து நின்றாள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

"மனுசனுக்கு இது வராதுங்க" என்றேன் நான்.

"நேத்து ஒரே குடும்பம்னு சொன்னே?"

"குடும்பந்தான். ஆனா இது வேற. பங்காளி மாதிரி..."

"பங்காளி வராமயா இருப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. எனக்கு முகம் வெந்துபோனது. "எட்டு நாள் பொறுங்க. இந்தக் கூண்டுக்குப் பக்கத்துலயே இருக்கறேன். வந்தா எனக்குத்தான முதல்ல வரணும்?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

அக்கா ஒருநாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. கூண்டைச் சுற்றிச் சாக்கு கட்டினேன், எச்சம் வாரினேன். ஐந்தாவது குஞ்சும் செத்தபோது அதன் கழுத்தைக் கீறிக் காட்டினேன். தொண்டையின் இருபுறமும் வெளிறிய சின்னச் சின்ன உருண்டைகள்.

"பாசிமணி கோத்தாப்ல இருக்குது" என்றாள். அதுதான் முதல் பேச்சு.

"தைமஸ்க்கா. டி செல்னு நோயோட சண்டை போடற அணுவுங்க தேறி வர்ற இடம். வைரஸ் உசிரணுவுக்குள்ள பூந்துக்கும். ஆனா ஒவ்வொரு அணுவும் உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு துணுக்கை வெளியே காட்டிக்கிட்டே இருக்கும். டி செல் வாசல் வாசலாப் போய்ப் பாக்கும். வேத்தாள் துணுக்கு தெரிஞ்சா அந்த அணுவையே கொன்னுபோடும். சில டி செல் அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு அப்படியே இருந்துக்கும்."

அவள் கொஞ்சநேரம் கோழிகளின் இழுப்பைக் கேட்டாள். "திருடன் பூந்த ஊட்டையே இடிக்குதா? அப்ப கோழிங்க இப்படி இழுக்கறதுல பாதி அந்த டி செல்லுங்க பண்ற வேலையா கண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். "பரவால்ல, தெரியாதுன்னும் சொல்ல வருது உனக்கு" என்று சிரித்தாள்.

ஆறாம் நாள் இழுப்பு குறைந்தது. முட்டையின் ஓடு மட்டும் சுருக்கம் விழுந்து வந்தது. ஏழாம் நாள் மத்தியானம் காட்டுக்காரர் தனியாக வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கறியா?"

"நல்லாருக்கறேனுங்க."

தலையைச் சொறிந்தார். "எங்கூட்டுக் கோழிங்களும் நேத்துப் புடிச்சு இழுக்குது."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "அறுத்துப் பொதைக்கலீங்களா?"

"எப்புடித் தாயி அறுக்கறது? அதுல ஒன்னு அடைகாக்குது."

அக்கா எங்கள் கூண்டிலிருந்து இரண்டு சாக்கை அவிழ்த்து அவர் தோளில் போட்டாள். "காத்தடிக்கற பக்கமாக் கட்டுங்க" என்றாள்.