எண்ணெய் போடாத காடி

என் வீட்டுக்காரரிடம் யாரும் அந்தக் காரைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தார்கள். அம்பாங்கானில் எங்கள் கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் யாராவது, "காடி எப்படிண்ணே, நல்லா ஓடுதா?" என்று கேட்டால் போதும். கேட்டவரின் தே தாரிக் டீ ஆறிப்போகும், ரொட்டி சானாய் விறைத்துப்போகும், இவர் மட்டும் நிறுத்த மாட்டார்.

ஒரு டாக்டர் ஓட்டிவிட்டு விற்ற வண்டி அது. கறுப்பு நிறம், நல்ல உயரம், பெரிய பணக்காரர்கள் வைத்துக்கொள்ளும் ரகம். ப்ளக்-இன் ஹைப்ரிட் என்கிறார்கள். கைப்பேசி மாதிரி வீட்டிலேயே சார்ஜ் போட்டால் கொஞ்ச தூரம் மின்சாரத்தில் சத்தமில்லாமல் போகும். அது தீர்ந்ததும் பெட்ரோல் இன்ஜின் தானாக எடுத்துக்கொள்ளும். இவருக்கு அந்த இரண்டாவது பாதிதான் ஆகாது. இன்ஜின் லேசாக உறுமினாலும் யாரோ திட்டிவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும். "எண்ணெயே போடறதில்லப்பா! பெட்ரோல் கடை எந்தப் பக்கம்னே மறந்து போச்சு!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

பாதி வண்டி என் பணம். ஆனால் என் அபிப்பிராயத்தை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, சொல்கிறேன். சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. தோட்டத்துப் பாதையின் பள்ளமெல்லாம் எங்கே போயின என்றே தெரியாது. தங்கமான வண்டி. அதை இந்த மனுசனோடு சேர்ந்து வைத்திருப்பதுதான் தவம். ஏர்கோன் போட்டால் பேட்டரி குறைந்துவிடுமாம், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகணுமாம். இத்தனைக்கும் இவருக்குத் தொழிலே ஏர்கோன் ரிப்பேர்! ஊருக்கெல்லாம் குளிர்ச்சி, கட்டின பெண்டாட்டிக்கு வேர்வை. எங்கே போய்ச் சொல்வது?

என் தம்பியின் கல்யாணத்தன்றும் இதே கூத்துதான். நாற்பதைத் தாண்டியும் அமையாமல் அமையாமல், கடைசியில் ரெம்பாவில் பெண் அமைந்தது. கல்யாணமும் ரெம்பாவ் மண்டபத்தில்தான். தாலியைக் கோலா சாவா தோட்டத்து அம்மன் காலடியில் வைத்து எடுத்துவருவது எங்கள் குடும்ப வழக்கம். மாப்பிள்ளைக்கு அக்கா நான். தாலியைக் கொண்டுபோக வேண்டியதும் நான், தம்பி முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளைப் போட வேண்டியதும் நான். முகூர்த்தம் பத்தரைக்குள்.

கோயிலிலிருந்து கிளம்பும்போது மகள் பின்சீட்டில் தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, ஏர்கோன் போடுங்கலா! என் மேக்கப்பெல்லாம் வழியுது!" என்று கத்தினாள். பட்டுப்புடவைக்குள் நானும் வெந்துகொண்டிருந்தேன். இவர் அசையவில்லை. நானே எட்டிப் பொத்தானை அமுக்கினேன். அப்பாடா, என்ன சுகம்! தாயும் மகளும் குளிர்ந்துபோய்ச் சிரித்துக்கொண்டே போனோம். இவர் பேட்டரி அளவையே பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், நடுவில் நாங்கள். பேட்டரி தீர்ந்தது. இன்ஜின் உறுமியது. சற்று நேரம் போனதும் இருமியது. அப்புறம் வண்டி மெதுவாக ஓரம் கட்டி நின்றேவிட்டது.

"என்னங்க ஆச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் தீரப்போவதைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பல நாளாகவே எரிந்துகொண்டிருந்ததுதான். நானும் சொன்னேன். "நமக்கு எதுக்கு எண்ணெ? அது சும்மா எரியுது" என்பார்.

"எண்ணெ போடவே இல்லியா?"

"நீ ஏர்கோன் போடாம இருந்திருந்தா பேட்டரியிலயே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அம்மன் பிரசாதம் கையில் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி பேசினேன். "அலாமாக், அம்மா, போதும்மா!" என்றாள் மகள். தம்பி போன் அடித்தான். "அக்கா, எங்கக்கா இருக்கீங்க? ஐயரு கேக்குறாரு." இத்தனை வருடம் காத்திருந்து வந்த கல்யாணம், தாலி இங்கே செம்பனைக் காட்டில் கிடக்கிறது.

அப்போதுதான் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. மறித்தேன். ஓட்டியவர் நம் ஆள்தான். விஷயத்தைச் சொன்னதும், "ரெம்பாவ் வழியாத்தான் போறேன், ஏறுங்கக்கா" என்றவர், எங்கள் காரை ஆசையாகப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார். "அண்ணே, இந்தக் காடி எப்படிண்ணே?"

"எண்ணெயே போட வேணாம் தம்பி..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார்.

"நீங்களும் ஏறுங்க" என்றேன்.

"எப்படி விட்டுட்டு வர்றது? நாலு டயரையும் கழட்டிக்கிட்டுப் போயிருவானுங்க."

"என் தம்பி கல்யாணத்த விட உங்களுக்கு டயரு பெருசா?"

அவர் வண்டியின் மேல் கை வைத்தபடி நின்றார். நான் மகளோடு லோரியில் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன்.

பட்டுப்புடவையோடு குலை லோரியிலிருந்து நான் இறங்கியதை மண்டபமே வாசலுக்கு வந்து பார்த்தது. மானம் கப்பலேறியது. போகட்டும், நேரம் இருந்தது. தட்டைக் கொண்டுபோய் மணவறையில் வைத்தேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தம்பி என் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மாமா எங்கக்கா?"

"காடிக்குக் காவலு இருக்காரு. நீ கட்டுடா."

"வரட்டும்."

"முகூர்த்தம் போயிடும்டா!"

"எனக்குப் பொண்ணு தேடி தைப்பிங், குளுவாங்குன்னு ஊர் ஊரா வருசக்கணக்கா அலைஞ்சது நீயா, மாமாவா? அவரு வராம கட்ட மாட்டேன்கா."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் பெண்ணைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் அவளும் சொன்னாள், "வரட்டும் அண்ணி. அவங்கதான் எங்க வீட்டுக்கு முதல்ல வந்தாங்க."

அவர்கள் சொன்னது நிஜம். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், இல்லை என்று சொன்னவர்கள் வீட்டிலும் சிரித்த முகத்தோடு காபி குடித்துவிட்டு வந்தவர் அவர். நானோ கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மேளக்காரர்கள் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்துவிடுங்களேன், வந்துவிடுங்களேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். முன்பின் தெரியாத ஒருவரின் மோட்டாரில் பின்னால் தொற்றிக்கொண்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, இரவல் ஹெல்மெட்டோடு. மூச்சு வாங்க மணவறைக்கு ஓடி வந்தார். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. ஐயர் அவசரமாகக் கையைத் தூக்கினார், கெட்டிமேளம் முழங்கியது.

"காடி?" என்றேன் அவர் காதில்.

"கெடக்குது. சாவியக்கூட உள்ளயே வச்சிட்டு வந்துட்டேன் போல. அத விடு, நீ முடிச்சப் போடு!"

குனிந்து முடிச்சைப் போட்டேன். சிரிப்பும் அழுகையுமாய்க் கண் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் எங்கள் எல்லோர் தலையிலும் அட்சதையை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஹெல்மெட் இன்னும் தலையில்தான் இருந்தது. மண்டபமே சிரித்தது. கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.