மாடி வீட்டில் ஒரு தேதித் தகராறு

போன ஞாயிறு காலை. "இன்னா, மேல பாட்டுச் சத்தமே காணோம்?" என்றாள் என் மனைவி.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு பெண்கள் குடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடம் கம்பெனிகளில் வேலை. ஞாயிறு ஷிப்ட் இல்லாவிட்டால் ஜெபக்கூட்டம் உண்டு. நடத்துவது அவர்களில் ஒருத்தியான செல்வி. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் சாக்கில் படியேறினேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இதெல்லாம் கடமை இல்லையா?

உள்ளே மெர்சி அழுதுகொண்டிருந்தாள். நால்வரில் இளையவள். பத்து நாளைக்கு முன் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று வந்திருக்கிறது — பைபிளில் சேர்க்காமல் ஒளித்து வைத்த சுவிசேஷமாம், இயேசுவின் சீடர் ஒருவரே கைப்பட எழுதியதாம். இத்தனை நாள் ஏமாற்றிவிட்டார்கள், இனிமேல் கூட்டத்துக்கே வரமாட்டேன் என்கிறாள்.

'சாத்தானின் வேலை, டெலீட் பண்ணு' என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். செல்வி அப்படிச் சொல்லவில்லை.

கம்பெனியில் அவளுக்கு ரெக்கார்டுகளைச் சரிபார்க்கும் வேலை. ஆடிட் வருகிறது என்றால் சில சூப்பர்வைசர்கள் பழைய தேதி போட்டுப் புது ஃபார்ம் எழுதுவார்களாம். இவள் தேதியை நம்புவதில்லை, உள்ளே படிப்பாள். ஜனவரி ஃபார்மில் மார்ச்சில் வந்த மெஷின் இருந்தால்... ஆள் மாட்டினார்.

அதே கண்ணோடு பத்து நாளாக இதையும் தேடிப் படித்திருக்கிறாள். சீடர்கள் காலத்துக்குப் பிறகு கிளம்பிய சபைச் சண்டைகள் அதில் வருகின்றன. எனவே சீடர் எழுதியதல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஓர் ஆயர் அதைத் திட்டி எழுதியிருக்கிறார். எனவே நேற்றைய டூப்ளிகேட்டும் அல்ல. யாரோ ஒரு பக்தர் தன் நம்பிக்கையைச் சீடரின் பெரிய பெயரில் எழுதி வைத்திருக்கிறார் என்று பொறுமையாக விளக்கினாள்.

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நம்ம பைபிள்ல உள்ள நாலு சுவிசேஷத்துக்கும் இதே மாதிரி தேதி பாப்பியளாக்கா?"

நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன். செல்வி நேராகவே சொன்னாள்.

"பாத்தாச்சு பிள்ள. நாலும் இதுக்கு முந்தினது, முதல் நூற்றாண்டுன்னுதான் நெறைய பேரு சொல்லுதாவ. ஆனா எழுதுனவங்க பேரு பொறவு சேத்ததுன்னும் சொல்லுதாவ. எனக்கு விசுவாசம் இருக்கு. அதுக்காவ தேதிய மாத்திச் சொல்ல மாட்டேன்."

மெர்சி பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செல்வியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

என்ன நேர்மை! அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது.

ஒரே ஒரு சிக்கல்... எங்கள் தெருக் கோயில் போர்டில் 'ஆயிரம் ஆண்டுப் பழமை' என்று குத்துமதிப்பாக எழுதச் சொன்னது நான்தான். செல்வி அந்தப் பக்கம் வந்தால், இப்போதெல்லாம் நான் வேறு தெருவில் போய்விடுகிறேன்.