நாய்க்காரர் அர்ச்சுனன் எழுதிய பரீட்சை

அர்ச்சுனன் நாற்பது வயதுவரை கைநாட்டுத்தான். மலாயாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் பால்வெட்டு வேலைக்கு வந்தவர், போகப்போகத் தொரையின் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிவிட்டார். தோட்டத்தில் அதற்கு மரியாதையும் உண்டு, கேலியும் உண்டு. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, "நாய்க்கார அண்ணன் வந்துட்டாரா, இல்ல நாய் மட்டும் வந்திருக்கா?" என்று யாராவது கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். கோபமே வராத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். கோபத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி பேச்சியம்மாளிடம் இறக்குவார். அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ரோவர் இருந்தது. தாய் செத்துப்போன அல்சேஷன் குட்டி அது. கண் திறக்காத நாளிலிருந்து பேச்சியம்மாள் ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துப் புகட்டினாள். வளர்ந்தபின் தொரை அதற்கு வேலை பழக்கச் சொன்னார். மோப்பம் பிடித்து ஆளைத் தேடுவது, வைத்த பொருளைக் காப்பது, அந்நியன் நீட்டும் இறைச்சியைத் தொடாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் அர்ச்சுனன்தான் பழக்கினார். பகலெல்லாம் தொரையின் நாயாக இருக்கும் ரோவர், வேலை முடிந்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து அவர் வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும்.

தொரைமாரின் கிளப் ஒன்று குளுவாங் பட்டணத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வேலை நாய்களுக்குப் போட்டி நடத்தியது. முந்தின வருஷம் அதில் பெரிய ரகளை. களத்தில் நாயை அடித்த ஓர் ஆளை வெளியே போகச் சொன்னதும், சட்டமெல்லாம் எனக்கென்ன தெரியும் என்று அவன் நடுவரிடமே மல்லுக்கு நின்றான். அதனால் புதிதாக ஒரு விதி வந்தது. நாயை நடத்தும் ஆள் முதலில் பரீட்சை எழுத வேண்டும். போட்டிச் சட்டங்களைப் பற்றிய கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்த பாஷையில், தன் கையாலேயே பதில் எழுத வேண்டும். தேறாதவரின் நாய் களத்தில் இறங்க முடியாது.

மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அர்ச்சுனனுக்குப் பேச்சியம்மாள் இருந்தாள். சின்ன வயதில் மலாக்காவில் பள்ளிக்கூடம் போனவள். சிலேட்டு வாங்கிவந்து புருஷனை உட்கார வைத்தாள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் மூர்த்தி கிராணி சட்டங்களைத் தமிழில் சொல்ல, இவள் எழுதிக் கொடுக்க, அர்ச்சுனன் நாக்கைக் கடித்துக்கொண்டு அதன்மேலேயே எழுதி எழுதிப் பழகினார். தன் பெயரைத் தானாக எழுதிய அன்று, அதை அழிக்க மனம் வராமல் சிலேட்டைக் கூரைச் சட்டத்தில் சொருகி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. தொரையைச் சீமைக்குத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். ரோவரை என்ன செய்வது என்பதையும் அவர் சொல்லிவிட்டார். போட்டியில் நன்றாகச் செய்தால் சிங்கப்பூர்க் கிடங்கு முதலாளி ஒருவர் வாங்கிக்கொள்வார். களத்திலேயே இறங்காத நாயை அவர் வாங்கமாட்டார். அப்படியானால் அர்ச்சுனனே வைத்துக்கொள்ளலாம்.

"அப்புறம் என்ன, தப்பா எழுதிட்டு வந்துடுங்க," என்றாள் பேச்சியம்மாள். "தப்பா எழுதறதுக்கு இவ்வளவு படிச்சிருக்கவே வேணாம்."

அர்ச்சுனனும் அந்த முடிவோடுதான் குளுவாங்குக்குப் போனார். மனசில் ஒரு குழப்பமும் இல்லை. மேசையில் காகிதத்தை வைத்தார்கள். களத்தில் நாயை அடித்தால் என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. ஒன்றும் ஆகாது என்று எழுதிவிட வேண்டியதுதான். பென்சிலை எடுத்தார், கை ஓடவில்லை. ரோவரை ஒருநாளும் அடிக்காத ஆள் அதை எப்படி எழுதுவார்? சரி, இது ஒன்று மட்டும் இருக்கட்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்வோம் என்று சரியான பதிலையே எழுதினார்.

அடுத்ததிலும் முடியவில்லை. அவருடைய வாழ்க்கையில் எல்லோரும் உத்தரவு போட்டிருக்கிறார்கள், அதட்டியிருக்கிறார்கள், பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன தெரியும், சொல் என்று யாரும் கேட்டதில்லை. இந்தக் காகிதம்தான் முதல்முதலாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தது. அந்த இடத்தில் பொய்யை எழுத அந்த மனிதருக்கு வெட்கமாக இருந்தது. இதைப் பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசிக் கேள்வி, நாயை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது. அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு எழுதினார்: 'உட்கார வைத்து, கழுத்து வாரைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கூப்பிடக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது.'

வெளியே மரத்தடியில் பேச்சியம்மாள் ரோவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆச்சா?"

"எல்லாத்தையும் சரியா எழுதிட்டேன், பேச்சி."

"ஐயோ அலமாக், ஏங்க?"

"என்னையக் கேட்டாங்களே," என்றார். அவள் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் போட்டி நடந்தது. ரோவர் இரண்டாவதாக வந்தது. அதுவே போதுமென்று கிடங்கு முதலாளி கைகுலுக்கிவிட்டுப் போனார். நாயை வாங்கிக்கொள்ள அவருடைய காவற்காரன் தங்கராஜு வந்து நின்றான். அர்ச்சுனன் ரோவரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தது. வாரைக் கொடுத்தார்.

"இறைச்சி நீட்டினா தொடாது, தம்பி. நீங்க 'தின்னு'ன்னு சொல்லணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மைதான வாசல்வரை, பரீட்சையில் எழுதினபடியே திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வாசலில் முடியவில்லை. திரும்பினார்.

ரோவர் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று தங்கராஜுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பழக்கியது அப்படித்தான்.

"நம்மளப் பாத்துச்சா?" என்று முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள் பேச்சியம்மாள்.

"பாத்துச்சு," என்றார் அர்ச்சுனன். காலையெல்லாம் எழுத வராத தப்பான பதில் அப்போது வந்தது.